சாமிக்குக் கேட்காத மொழி

எங்கள் தோட்டத்தில் உண்மை பேச ஒரு மொழியும் பொய் பேச வேறொரு மொழியும் இருந்தன. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்த ஏற்பாடு அல்ல அது. மலேசியாவில் லாபு பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிக்கொண்டார்கள். ஆபீசிலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ யாராவது வந்து மலாயில் ஒன்றைக் கேட்டால், அவர்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். தமிழில், அதுவும் மாரியம்மன் கோயிலுக்குள் நின்று சொன்னால், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மலாய் மீது யாருக்கும் குறை இல்லை. மீன் வாங்கவும், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஆட்களோடு டுரியான் பழத்துக்குப் பேரம் பேசவும் அதே மலாயில்தான் நேர்மையாகப் பேசினார்கள். கையில் ஃபைலோடு ஒருவர் வந்து நின்றால்தான் மொழியின் குணம் மாறிவிடும். அப்பாவுக்கு அடையாளக் கார்டில் ஒரு வயது, வீட்டில் ஒரு வயது. திருவிழாவுக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று மலாயில் கடிதம் வரும். காய்ச்சல்காரர்கள் எல்லாரும் கோயில் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒருவர் பக்கத்து வீட்டு வாத்தைப் பிடித்துச் சமைத்துவிட்டார். போலீஸ்காரர் மோட்டாரில் வந்து விசாரித்தபோது, தான் வாத்துக் கறியே தொடுவதில்லை என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் வாத்துக்காரி, “கோயிலுக்கு வந்து கற்பூரம் அடி” என்று வாசலில் நின்று கூப்பிட்டதும், அந்த மனிதர் எங்கோ போய் இரண்டு வாத்துகளைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்து, “நமக்குள்ள எதுக்குக்கா கற்பூரமெல்லாம்?” என்றார்.

கற்பூரம் அடிப்பது என்பது எங்கள் தோட்டத்தின் உச்ச நீதிமன்றம். அம்மனுக்கு முன்னால் தரையில் ஒரு வில்லை கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லி, வலது உள்ளங்கையால் சுடரை அடித்து அணைக்க வேண்டும். பொய் சொன்ன கைக்கு என்ன ஆகும் என்பதில் பல கருத்துகள் நிலவின. என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது நான்கு மாதம். ஐந்தாம் வகுப்பு. அந்த வருடம் மலாய் ஒப்புவித்தல் போட்டியில் முதல் பரிசாக ஒரு பச்சைத் தண்ணீர்ப் போத்தல் வாங்கியிருந்தேன். அந்தப் போத்தல்தான் என்னை இந்த விவகாரத்துக்குள் இழுத்துவிட்டது என்று சொல்லலாம்.

அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். செம்பனை மரங்களுக்கு அடியில் வளரும் லாலாங் புல்லைச் சாகடிக்கும் மருந்து. முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு ஒன்பது பெண்கள் வரிசையாக அடித்துக்கொண்டு போவார்கள். முகத்துக்கு ஒரு கைலித் துண்டு. கைக்கு ஒன்றும் இல்லை. பம்பு ஒழுகும். ஒழுகுவது முதுகிலும் கையிலும் வடியும்.

அந்த வருடம் அத்தையின் வலது கையில் நகங்கள் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. முதலில் ஆள்காட்டி விரல், ஒன்பது நாள் கழித்து நடுவிரல், பிறகு கட்டைவிரல். நான் அதைக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தேன். சோற்றில் குழம்பு பட்டால் விரல் எரியும் என்பதால் அத்தை கரண்டியில் சாப்பிட வேண்டியதாயிற்று. “பாருடி, பெரிய துரை வீட்டம்மா சாப்பிடுறா!” என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். அத்தையும் சுண்டு விரலை மட்டும் தூக்கிக்கொண்டு, துரைசாணி மாதிரி உதட்டை ஒற்றிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். இராத்திரியில் அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கீழே வைத்தால் துடிக்கும்.

ஒருநாள் மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்ததால் அப்பா அவரைச் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே கையைப் பார்த்த டாக்டர், என்ன வேலை, என்ன மருந்து, கையுறை கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அத்தையும் வலியில் மறந்துபோய் நிஜத்தைச் சொல்லிவிட்டார். டாக்டர் எங்கோ எழுதிப் போட்டார். மூன்று வாரத்தில் லேபர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

எங்கள் தோட்டத்துக்கு மண்டோர் என் பெரியப்பா. அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். வேலைக்காரர்களை மேய்க்கிற வேலையோடு கோயில் தலைவர் பதவியும் அவரிடம்தான். கோயில் சாவி அவர் இடுப்பில் தொங்கும். விசாரணைக்கு முதல் நாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், அவர் ஒன்பது பெண்களையும் தனியாக நிறுத்திப் பேசினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் அத்தையின் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றேன்.

“நாளைக்கு ஆபீசர் கேட்டா, கையுறை, முகமூடி, பூட்ஸ், எல்லாம் ‘சுடா டப்பாட், துவான்’னு சொல்லுங்க. கிடைச்சிருச்சு ஐயான்னு அர்த்தம். வேற ஒண்ணும் பேச வேணாம்.”

“ஒண்ணுமே குடுக்கலியே மண்டோரே” என்றார் ஒரு பெண்.

“குடுக்கல. எனக்குத் தெரியாதா? குடுக்கலன்னு சொன்னா மருந்து வேலையே வெளியாளுங்க கைக்குப் போயிரும்னு துரை சொல்லிட்டாரு. ஒம்பது பேரும் வீட்ல ஒக்காருங்க. நானும் வந்து ஒக்காந்துக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்னம்மா பெரிய பொய்யி? சாமிகிட்டயா சொல்றோம்? மலாய்லதான சொல்றோம்.”

இதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. சட்டம் தெளிவாக இருந்தது. அத்தை மட்டும் தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரிண்ணே” என்றார். அண்ணனின் வேலை போய்விடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நான் உறுதியாக இல்லை. மோதிர விரலும் கறுக்க ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியும். “கிடைத்துவிட்டது” என்று அந்த ஃபைலில் எழுதிவிட்டால், பிறகு யாரும் எதையும் கொடுக்கப்போவதில்லை என்பதும் தெரியும். கிடைத்ததை எதற்காக மறுபடி கொடுப்பார்கள்?

அதிகாரி வந்தார். ஒல்லியான மலாய்க்காரர்; தடிமனான கண்ணாடி; நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஆபீசுக்குப் பக்கத்துக் கொட்டகையில் மேசை போட்டு, மின்விசிறி வைத்து, கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, மொழிபெயர்க்கத் தயாராக நின்றார். அதிகாரி முதல் காரியமாகக் கிராணியையும் மண்டோரையும் கொட்டகையை விட்டு வெளியே போகச் சொன்னார். தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் யாரும் விசாரணையில் இருக்கக் கூடாதாம். வேறு யாருக்காவது நல்ல மலாய் தெரியுமா என்று கேட்டார்.

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “போத்தல் வாங்குச்சே, இந்தப் புள்ள” என்றார் ஒருவர். இப்படியாக நான் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

முதல் இரண்டு பெண்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் முதலாமவர் “சுடா டப்பாட், துவான்” என்றார். பெயரைக் கேட்டதற்கும் அதையே சொன்னார். இரண்டாமவரும் அதே மாதிரி, அதே இராகத்தில். அதிகாரி எழுதினார். மூன்றாவதாக அத்தை வந்து, கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “சுடா டப்பாட், துவான்” என்றார்.

அதிகாரி பேனாவை வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையுறை என்ன நிறம் என்று கேட்டார்.

“அத்தை, கையுறை என்ன கலருன்னு கேக்குறாரு.”

அத்தை திருதிருவென்று விழித்தார். பெரட்டில் நிறம் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. “ஏதாச்சும் ஒரு கலரச் சொல்லுடி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“எந்தக் கலரு?”

“ஒனக்குப் புடிச்ச கலருடி! சட்டுன்னு சொல்லு, மூஞ்சியப் பாக்குறாரு.”

எனக்குப் பிடித்த நிறம் ஊதா. ஊதா என்பதற்கு மலாயும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் இல்லாத ஒரு பொருளுக்கு நிறம் வைப்பது எனக்குக் கணக்கில் தப்பு விடை எழுதுவது போல இருந்தது. வாய் வரவில்லை. அப்போதுதான் பெரியப்பா முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. சாமிகிட்டயா சொல்றோம்? சாமியிடம் சொன்னால் என்ன?

நான் அதிகாரியிடம் மலாயில் சொன்னேன்: “துவான், அத்தை இதைக் கோயிலில் வந்து சொல்கிறேன் என்கிறார். எல்லாருமே அங்கே வந்து சொல்கிறார்களாம்.”

எங்கள் பெண்களுக்குச் சந்தை மலாய் தெரியும். பள்ளிக்கூட மலாய் வேகமாக வந்தால் வானொலிச் செய்தியைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படித்தான் நின்றார்கள்.

ஏன் கோயிலில், என்று அதிகாரி கேட்டார். நான் கற்பூரத்தைப் பற்றிச் சொன்னேன். வாத்தைப் பற்றியும் சொன்னேன். வாத்துக்கு அவர் சிரித்ததாக நினைவு. பிறகு என்னையும், அத்தையின் முந்தானைக்குள் இருந்த கையையும் பார்த்தார். தான் கோயிலுக்குள் வரமாட்டேன், வாசலில் நின்று கேட்கிறேன், அது போதுமா என்று கேட்டார்.

போதும் என்றேன். அத்தையின் பக்கம் திரும்பினேன். “அத்தை, துவான் எல்லாரையும் கோயிலுக்கு வரச் சொல்றாரு. கற்பூரம் அடிச்சுத்தான் சொல்லணுமாம்.”

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“ஆத்தி! கற்பூரமா?”

“மலாய்க்காரவருக்கு கற்பூரம் எப்படிடி தெரியும்?”

“நான் ஏற்கனவே சொல்லிட்டேனே, எழுதிட்டாரே. எனக்கும் உண்டா?” என்றார் முதலாமவர்.

“ஒனக்குந்தான்லா! பேரு கேட்டதுக்கே சுடா டப்பாட்டுன்னு சொன்னவ நீ. மொத கற்பூரம் ஒனக்குத்தான்!”

அதிகாரி ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் ஒன்பது பேரும் பின்னால் நடந்தார்கள். வெளியே நின்றிருந்த பெரியப்பா ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

“ஏ பாப்பா, எங்க போறாரு?”

“கோயிலுக்கு, பெரியப்பா. கற்பூரம் அடிக்கச் சொல்றாரு.”

“அவரா சொன்னாரு?”

“ஆமா. அவருதான்.”

கோயில் அங்கிருந்து இருபது அடி. பூட்டியிருந்தது. பெரியப்பாவின் கை இடுப்புச் சாவிக்குப் போய், அங்கேயே நின்றது. சாவியைத் தொலைத்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கலாம். மலாயில் சொன்னால் பாவமும் இல்லை. ஆனால் எதிரே அம்மன் இருந்தாள், கம்பிக் கதவு வழியாக நேராகப் பார்த்துக்கொண்டு. பெரியப்பா கதவைத் திறந்தார்.

அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசல் கூரைக்குக் கீழே நின்றார். நான் நிலைப்படியில், இரண்டு பக்கமும் கேட்கும் இடத்தில் நின்றேன். அத்தைதான் முதலில் போனார். கற்பூரத்தை ஏற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. “சீக்கிரம் சொல்லுடி, அணைஞ்சிரப் போகுது” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அத்தை வலது கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தார். பின்னால் இருந்தவர்கள் எட்டி அதைப் பார்த்தார்கள். தினமும் பார்த்த கைதான். ஆனால் விளக்குக்கு முன்னால் நீட்டி யாரும் பார்த்ததில்லை.

“தாயே, கையுறை குடுக்கல. முகமூடி குடுக்கல. பூட்ஸ் குடுக்கல. பம்பு ஒழுகுதுன்னு நாலு தடவ சொல்லியும் மாத்தல. என் நகம் போனது அந்த மருந்துல. அண்ணே, என்ன மன்னிச்சிரு.” நகமில்லாத அந்தக் கையால் சுடரை ஓங்கி அடித்தார்.

நான் ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன், கடைசியில் இருந்த மன்னிப்பு உட்பட. அதிகாரி எழுதினார்.

அதன் பிறகு அணை உடைந்தது போல ஆயிற்று. மற்ற எட்டுப் பேரும் வரிசையை மறந்து முண்டியடித்தார்கள். ஒருவருக்குக் கண் மங்கல்; ஒருவருக்குக் காலில் ஆறாத புண்; ஒருவர் மருந்து கலந்த வாளியிலேயே கை கழுவியிருக்கிறார், வேறு தண்ணீர் இல்லாததால். முன்பு “சுடா டப்பாட்” சொன்ன இருவரும், “அது அங்க சொன்னது தாயே, இது இங்க சொல்றது” என்று முன்னுரை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார்கள். ஒன்பது கற்பூரம், ஒன்பது அடி. எனக்கு நாக்கு வறண்டது. நான் அவ்வளவு கவனமாக அதற்கு முன்னால் எதையும் செய்ததில்லை.

முடிந்துவிட்டது என்று அதிகாரி ஃபைலை மூடும்போது பெரியப்பா முன்னால் போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மண்டோர் சொல்ல வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பெரியப்பா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பத்தாவது கற்பூரத்தை அவரே ஏற்றினார்.

“சாமான் ஸ்டோருக்கு வரவே இல்ல. வந்துச்சுன்னு சொல்லச் சொன்னது நான். இவளுங்க மேல தப்பில்ல.” அடித்து அணைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே வெளியே வந்து, அதிகாரிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். அவர் அவ்வளவு உயரமானவர் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

ஐந்தாவது வாரம் லாரியில் பெட்டிகள் வந்து இறங்கின. முழங்கை வரைக்கும் வரும் கையுறைகள், முகமூடிகள், பூட்ஸ்கள், ஒழுகாத புதுப் பம்புகள். மருந்து கலக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். வேலை வெளியாட்களுக்குப் போகவில்லை. பெரியப்பாவிடம் துரை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பத்துக் கற்பூரத்துக்குப் பிறகு அவரை மாற்றினால் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்று கிராணியே எடுத்துச் சொன்னதாகக் கேள்வி. பெரியப்பா அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை மண்டோராகவே இருந்தார்.

பெட்டியைப் பிரித்த அன்று அத்தை கையுறையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். “கறுப்புடி! கறுப்பு! ஒன் துவானுக்கு எழுதிப் போடு!” அன்று லயத்தில் சர்க்கரைப் பொங்கல். டுரியான் பருவம் வந்தபோது முள் குத்தாமல் பழம் பிளக்கக் கையுறைதான் சரி என்று கண்டுபிடித்து, பாதிப் பேர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதும், அதற்குப் பெரியப்பா பெரட்டில் கத்தியதும் வேறு கதை. அத்தையைத் தேங்காய் நார் மணக்கும் நாற்றுக் கொட்டகை வேலைக்கு மாற்றினார்கள். எட்டு மாதத்தில் நான்கு நகங்களும் வளர்ந்துவிட்டன. கட்டைவிரல் நகம் மட்டும் கொஞ்சம் கோணல். ஒருநாள் மதியம் அத்தை கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, குழம்பை ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட்டார். அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் தோட்டத்தின் இரண்டு மொழிச் சட்டமும் அதோடு கொஞ்சம் ஆட்டம் கண்டது. மலாயில் எதையாவது கூசாமல் அளப்பவரைப் பார்த்து, “கோயில் தூரமில்ல” என்று யாராவது சொல்வார்கள். பேச்சு உடனே சுருங்கும்.

நாற்பது வருடத்துக்குமேல் ஆகிறது. சிரம்பானில், தெமியாங்கில் இருக்கும் என் வீட்டில் பழைய குறிப்புப் புத்தகங்களை வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாளை மறுபடி முழுதாக எண்ணிப் பார்த்தேன். கோயிலில் வந்து சொல்கிறேன் என்று அத்தை சொல்லவில்லை. அது மலாயில் நான் சொன்ன பொய். கற்பூரம் அடிக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லவில்லை; அது தமிழில் சொன்ன பொய். “அவரா சொன்னாரு?” என்று பெரியப்பா கேட்டதற்கு “ஆமா” என்றது மூன்றாவது, அதுவும் அம்மனுக்கு இருபது அடி தூரத்தில். அன்று பத்துப் பேர் கற்பூரம் அடித்தார்கள். நடுவில் நின்று பேசிய என்னை மட்டும் யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை. இன்று அந்த மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் என்ன செய்கிறேன் என்று தெரிந்து சொல்வேன். அன்று தெரியவில்லை. அன்றைய பக்கம் அந்த வருடத்துக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்பது பெண்களும் சொன்னது வரிசையாக, பெரியப்பா சொன்னது தனியாக, ஒரு சொல் பிசகாமல் எழுதியிருக்கிறேன். கடைசியில் இப்படி இருக்கிறது:

“இன்று எங்கள் தோட்டத்தில் கோயிலில் யாருமே பொய் சொல்லவில்லை. நானும் இன்று முழுவதும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.”

அதற்குக் கீழே அடிக்கோல் வைத்து, நேராக, இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.